வாசலில் ஒரு படி கூடியது எப்படி? கரையோரக் களிமண் போடும் கணக்கு

சாவி வாங்கிய நாளில் வாசலில் ஒரு படிதான் இருந்தது. பத்து ஆண்டுகளில் கார் நிறுத்தும் இடம் கீழே போய், பாட்டி ஏறி வரச் சிரமப்பட்டதால் செங்கல் வைத்து இன்னொரு படி கட்டினார்கள். வீட்டின் பின்புறம் பெரிதாக்கிக் கட்டிய சமையலறையும் மூலச் சுவரை விட்டு ஒரு விரல் அகலம் விலகி நிற்கிறது. மழை பெய்தால் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. தீபாவளிக்குச் சாயம் பூசும்போது சிமெண்டு வைத்து அடைக்கிறார்கள். அடுத்த தீபாவளிக்குள் அதே இடத்தில் மறுபடியும் விரிசல்.

கிள்ளான், காப்பார், பந்திங் வட்டாரத் தாமான்களில் இது ஒரு வீட்டுக் கதையன்று. வரிசை வரிசையாக இப்படி வீடுகள் உண்டு. குத்தகையாளர் சிமெண்டைக் குறைத்துவிட்டார் என்பார் ஒருவர். வாஸ்து சரியில்லை என்பார் இன்னொருவர். குத்தகையாளர் ஏமாற்றுவதும் நடக்கக்கூடியதுதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல சிமெண்டும் நல்ல கம்பியும் போட்டுக் கட்டிய சமையலறையும் இதே போல விலகுகிறதே, அதற்கு என்ன காரணம்? பதில் தரைக்கு அடியில், இருபது மீட்டர் ஆழம் வரை இருக்கிறது.

கிள்ளான் முதல் தெலுக் இந்தான் வரையிலான மேற்குக் கரையோரச் சமவெளி, மண்ணின் கணக்கில் பச்சைக் குழந்தை. கடந்த பத்தாயிரம் ஆண்டுகளில் கடல் மட்டம் ஏறி இறங்கியபோது, கிள்ளான், லங்காட், சிலாங்கூர், பெர்ணம், பேராக் ஆறுகள் கொண்டு வந்த நுண்ணிய வண்டல் அலையில்லாத ஆழமற்ற கடலிலும் அலையாத்திக் காடுகளிலும் படிந்தது. பல இடங்களில் அதன் தடிமன் 20 மீட்டரைத் தாண்டும். தோட்டத்தில் கால்வாய் வெட்டியவர்களுக்கு இந்த மண்ணைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே ஒன்றிரண்டு மீட்டர் வெயிலில் காய்ந்து இறுகிய மண். மண்வெட்டி பட்டால் கட்டியாகப் பெயரும். அதற்குக் கீழே சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில், வெண்ணெய் போன்ற களிமண். கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழியும். இடையிடையே சிப்பி ஓடுகள் கிடைக்கும். அந்தச் சிப்பிகள்தாம் இது ஒரு காலத்தில் கடலடி என்பதற்குச் சாட்சி.

இந்தக் களிமண்ணில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் பாதி புதிர் விடுபடும். காய்ந்த மண் 100 கிலோ என்றால் அதனுடன் 70 கிலோ, 80 கிலோ, சில இடங்களில் 100 கிலோவுக்கு மேலும் தண்ணீர் சேர்ந்திருக்கும். மணலில் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும்; மேலே பாரம் வைத்தால் சற்று நெருங்கி உடனே நின்றுவிடும். களிமண் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தகடுகள். சீட்டுக்கட்டை வீசி எறிந்தால் சீட்டுகள் எப்படிக் கன்னாபின்னாவென்று சாய்ந்து கிடக்குமோ, அப்படி ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. நடுவில் உள்ள இடமெல்லாம் தண்ணீர். இடம் நிறைய உண்டு, வழிதான் மிகக் குறுகல். களிமண் இறங்குவது என்றால் இந்தத் தண்ணீர் வெளியேறி, தகடுகள் நெருங்குவதுதான்.

மருத்துவமனையில் பார்க்கும் சிரிஞ்சை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே தண்ணீரும், பேனாவில் இருப்பது போன்ற ஒரு ஸ்பிரிங்கும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு மேலே அழுத்தினால் தண்டு இறங்காது. கையின் பாரம் முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. விரலை எடுத்து, மிக மெல்லிய ஊசியை மாட்டினால் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வெளியேறும். தண்டு மெல்ல இறங்க இறங்க, தண்ணீர் தாங்கிய பாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்பிரிங்கின் மேல் ஏறும். கடைசியில் பாரம் முழுவதும் ஸ்பிரிங்குக்கு வந்ததும் தண்டு நின்றுவிடும். ஸ்பிரிங்தான் களிமண் துகள்களின் கூடு. மெல்லிய ஊசிதான் துகள்களுக்கு இடையிலுள்ள சந்து. மணல் என்றால் ஊசியே மாட்டாத சிரிஞ்சு; அழுத்தியவுடன் வேலை முடிந்துவிடும்.

இந்த விளக்கத்தைக் கணிதமாக்கியவர் கார்ல் டெர்சாகி. 1883இல் பிராக் நகரில் பிறந்த பொறியியலாளர். இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது, எளிய கருவிகளைத் தாமே உருவாக்கிக் களிமண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தார். 1925இல் அவர் வெளியிட்ட நூலோடுதான் மண் இயக்கவியல் என்ற துறையே தனியாகப் பிறந்தது என்பார்கள். இன்றும் மண் சோதனைக் கூடங்களில் அதே முறைதான்: 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள களிமண் வில்லையை ஒரு வளையத்தில் வைத்து, மேலும் கீழும் தண்ணீர் கசியும் கல் வைத்து, பாரம் ஏற்றி, எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பார்கள்.

டெர்சாகியின் கணக்கில் வீடு வாங்குபவருக்கு முக்கியமானது ஒன்றுதான். தண்ணீர் வெளியேற எடுக்கும் காலம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு.

இதை நம் கரையோரத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். சோதனைக் கூட வில்லையில் நடுவிலுள்ள தண்ணீர் மேலோ கீழோ 10 மில்லிமீட்டர் போனால் போதும். மென்களிமண்ணுக்குப் பொருந்தக்கூடிய ஒரு மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டால், மொத்த இறக்கத்தில் 90 விழுக்காடு முடிய ஏறக்குறைய 45 நிமிடம் ஆகும். அதே களிமண் 20 மீட்டர் தடிமனில், மேலும் கீழும் தண்ணீர் வடிய வழியுடன் இருந்தால், தூரம் 10 மீட்டர். ஆயிரம் மடங்கு தூரம். ஆகவே பத்து லட்சம் மடங்கு காலம். அந்த 45 நிமிடம் ஏறக்குறைய 85 ஆண்டுகளாகிவிடும். கீழே வடிய வழியில்லாவிட்டால் இதுவும் நான்கு மடங்காகும். இடையில் மணல் படிவங்கள் இருந்தால் குறையும். இடத்துக்கு இடம் மாறும் கணக்கு இது. ஆனாலும் அளவு புரிகிறதல்லவா?

இறக்கம் ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவாக நடப்பதில்லை. தொடக்கத்தில் வேகம், போகப் போக மந்தம். மேலே சொன்ன அதே 20 மீட்டர் களிமண்ணில் முதல் கால் பங்கு இறங்க 5 ஆண்டு ஆகும். பாதி இறங்க 20 ஆண்டு. இரு மடங்கு இறங்க நான்கு மடங்கு காலம்.

இந்த இடத்தில்தான் மண்ணின் கடிகாரமும் சட்டத்தின் கடிகாரமும் முட்டிக்கொள்கின்றன. மலேசியாவில் மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்கினால், குறைபாடுகளை அவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டிய காலம், சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்கள். மேலே போட்ட கணக்கில், பாரம் ஏறிய இரண்டே ஆண்டில் முடிந்திருப்பது மொத்த இறக்கத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அதாவது, அந்த இரண்டு ஆண்டில் கார் நிறுத்தும் இடம் 3 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், அது பார்க்க வேண்டிய மொத்தம் 18 சென்டிமீட்டராக இருக்கலாம். சாவி கைக்கு வருவதற்கு முன்பே நிலத்தை மேடாக்கி ஓரிரண்டு ஆண்டு கடந்திருந்தால் இந்தப் பங்கு சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஆகையால் 24 மாதத்துக்குள் தெரியும் சிறு இடைவெளியை, "இதெல்லாம் சகஜம்" என்று சொல்வதைக் கேட்டு விட்டுவிடக் கூடாது. படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுபோகலாம்; அதற்கும் கால வரம்பு உண்டு, அந்த 24 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள். நாமே பணம் போட்டுக் கட்டிய சமையலறைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

சரி, மண்ணை அழுத்தும் பாரம் எது? பெரும்பாலோர் வீட்டின் எடையைத்தான் நினைப்பார்கள். உண்மையில் பெரிய சுமை, வீட்டுக்கு முன்பே வந்த லாரி மண். ஒரு மீட்டர் உயரத்துக்கு மண் நிரப்பினால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 1.8 டன் பாரம் ஏறுகிறது. சாதாரண வீட்டின் ஒரு மாடி, சதுர மீட்டருக்கு ஒரு டன் அளவில்தான் வரும். ஒரு மீட்டர் மண் மேடு என்பது கிட்டத்தட்ட இரண்டு மாடி வீட்டை நிலம் முழுவதும் இடைவெளியின்றிப் பரப்பி வைத்தது போல. தாழ்வான கரையோர நிலத்தில் வெள்ளத்துக்குப் பயந்து மேடாக்காமல் கட்டவும் முடியாது. 2021 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பிறகு, தரையை இன்னும் அரை மீட்டர் உயர்த்தினால் என்ன என்று யோசிக்காத வீடு அந்தப் பக்கத்தில் குறைவு. உயர்த்துவதில் தவறில்லை. ஆனால் உயர்த்திய அரை மீட்டரில் ஒரு பகுதியைக் களிமண் மெல்லத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

நிலம் முழுவதும் சமமாக இறங்கினால் ஒரு விரிசலும் வராது. யாருக்கும் தெரியவும் தெரியாது. ஒன்று நின்று மற்றது இறங்கும்போதுதான் வினை. கரையோரத் தாமான்களில் மூல வீட்டைப் பெரும்பாலும் பைலிங் அடித்துக் கட்டுகிறார்கள். கான்கிரீட் கம்பங்கள் மென்களிமண்ணைத் துளைத்துக் கீழேயுள்ள கெட்டியான படிவம் வரை போகின்றன. வீடு அசையாது. கார் நிறுத்தும் இடமும், வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளமும், வாசல் கேட்டும், பின்னால் சேர்த்த சமையலறையும் மேல் மண்ணிலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவை இறங்கும். வீடு உயர்ந்துவிட்டதோ என்ற மயக்கம் அப்படித்தான் வருகிறது.

நெடுஞ்சாலையில் பாலம் ஏறும் இடத்தில் கார் ஒருமுறை தூக்கிப் போடுவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். அங்கும் இதே கதைதான். பாலம் கம்பங்களின் மேல் நிற்கிறது. பாலத்துக்கு ஏறிச் செல்லும் மண்சாலை களிமண்ணின் மேல் படுத்திருக்கிறது. தார் ஊற்றிச் சமன்செய்வார்கள். சில ஆண்டில் மீண்டும் தூக்கிப் போடும்.

கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிட மோசமானது தரைக்கு அடியில் நடப்பது. அசையாத வீட்டிலிருந்து இறங்கும் தளத்துக்குப் போகும் கழிவு நீர்க் குழாய், சேரும் இடத்தில் முறியும். முறியாவிட்டால் சாய்வு கெட்டு, அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பைலிங் போட்ட வீட்டின் தளத்துக்குக் கீழே மண் மட்டும் இறங்கிப் போய் வெற்றிடம் உண்டாகும். அதில் தண்ணீர் தேங்கும், எலி குடியேறும். இறங்கும் மண் கம்பங்களின் பக்கங்களைப் பற்றிக்கொண்டு அவற்றையும் கீழே இழுக்கும். வீட்டைச் சுற்றிப் புதிதாக மண் கொட்டினால் இந்த இழுப்பு கூடும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

ஒரே கட்டடத்துக்கு அடியில் ஒரு பக்கம் அதிகமாக இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தெலுக் இந்தான் நகரின் நடுவில் நிற்கிறது சாட்சி. 1885இல் கட்டப்பட்ட அந்தக் கோபுரம் பார்வைக்கு எட்டு மாடி போலத் தெரியும். உள்ளே மூன்று மாடிதான். மணிக்கூண்டாகவும் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் இருந்தது. 25 மீட்டருக்கு மேல் உயரம், கீழே மென்மையான மண், உள்ளே தொட்டித் தண்ணீரின் பாரம். சாயத் தொடங்கியது. உயரமான கட்டடம் ஒருமுறை சாய்ந்துவிட்டால், சாய்ந்த பக்கத்துக்கே மேலும் பாரம் போகும்; பாரம் போனால் அந்தப் பக்கம் மேலும் இறங்கும். ஆலயங்களுக்கு இராஜகோபுரம் கட்டத் திட்டமிடும் நிர்வாகக் குழுக்கள் ஒருமுறை தெலுக் இந்தான் போய் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால் நல்லது. தோட்டத்தில் தகரக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த கோயிலைத் தாங்கிய மண், ஐந்து நிலைக் கோபுரத்தையும் அப்படியே தாங்கும் என்று நினைக்க இடமில்லை.

களிமண்ணுக்கு ஒரு விசித்திரமான நினைவாற்றல் உண்டு. இதுவரை தன் மேல் ஏறிய மிகப் பெரிய பாரத்தை அது மறப்பதில்லை. அந்த அளவுக்குள் பாரம் ஏற்றினால் சிறிதளவே இறங்கும். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு சரசரவென்று இறங்கத் தொடங்கும். பழைய வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பும்வரை ஒன்றும் ஆகாமல் இருந்து, எழுப்பிய பிறகு எல்லாம் விரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பாரம் மேலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. நிலத்தடி நீர் ஒரு மீட்டர் இறங்கினால், கீழேயுள்ள களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் சுமை கூடியதற்குச் சமம். அதுவரை மண்ணைத் தாங்கிய தண்ணீரின் மிதப்பு போய்விடுவதே காரணம். கரையோரத் தோட்டங்களில் செம்பனைக்காகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தபோது, ஒரு செங்கல் கூட வைக்காமலேயே நிலம் தாழ்ந்தது இப்படித்தான். கரிமண் நிலத்தில் செம்பனை சாய்ந்து வேர் வெளியே தெரிவது வேறு கதை. அங்கே மண்ணே மக்கிக் கரைகிறது. காஜாங், சிரம்பான் பக்கத்துச் செம்மண் மேட்டில் வரும் விரிசலுக்கும் இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

இந்த நினைவாற்றலையே பொறியியலாளர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். கட்டடம் வருமுன் அதைவிடக் கனமான மண் குவியலை நிலத்தின் மேல் ஏற்றி வைத்து, இறங்க வேண்டியதை இறங்கவிட்டு, பிறகு எடுத்துவிடுவார்கள். எண்பது ஆண்டு யார் காத்திருப்பது? அதற்கும் வர்க்கக் கணக்கே வழி. உள்ளங்கை அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டைகளை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் களிமண்ணுக்குள் செங்குத்தாக இறக்கினால், தண்ணீர் 10 மீட்டர் மேலே ஏறிவர வேண்டாம். பக்கவாட்டில் ஒரு மீட்டருக்குள் பட்டையை எட்டி, அதன் வழியாக மேலே வந்துவிடும். பல பத்தாண்டு வேலை ஓரிரண்டு ஆண்டில் முடியும். சிங்கப்பூரில் சாங்கிக்குக் கிழக்கே கடலை மேடாக்கியபோது, அடியில் இருந்த கடல் களிமண்ணுக்குள் இப்படிப் பல கோடி மீட்டர் நீளத்துக்குப் பட்டைகள் இறக்கப்பட்டன.

பாரத்தை அவசரமாக ஏற்றினால் இறக்கத்தோடு போகாது, மண்ணே உடைந்து சரியும். தண்ணீர் வெளியேற நேரம் கொடுக்காவிட்டால் துகள்களின் கூட்டுக்குப் பலம் ஏறுவதில்லை. 1980களின் இறுதியில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்காக மூவார் சமவெளியில் சோதனை மண்மேடுகள் கட்டிப் பார்த்தார்கள். எந்தச் சிகிச்சையும் செய்யாத நிலத்தின் மேல் ஒரு மேட்டை, உடையும் வரை உயர்த்துவது என்று தீர்மானித்தே ஏற்றினார்கள். ஏறக்குறைய ஐந்தரை மீட்டரில் அது சரிந்தது. கால்வாய் ஓரத்தில் ஒரே வாரத்தில் லாரி லாரியாக மண் கொட்டும் இடங்களில் கரை பிதுங்கிச் சரிவதும் இதே காரணத்தால்தான்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது என்ன? சமையலறையைப் பெரிதாக்கும் முன், மூல வீட்டுக்குப் பைலிங் உண்டா, அதன் ஆழம் என்ன என்று கேட்டறிய வேண்டும். புதுப் பகுதிக்கும் அதே ஆழத்துக்குப் பைலிங் போடுவது செலவுதான். சிறு இயந்திரங்களால் அடிக்கும் மைக்ரோ பைலிங்கும் மலிவில்லை. போட முடியாவிட்டால், புதுச் சுவரை மூலச் சுவரோடு கம்பி வைத்துக் கட்டிவிடாமல், நடுவில் இடைவெளி விட்டு, ரப்பர் போன்ற அடைப்பானால் மூட வேண்டும். கூரை உத்தரத்தை மூலச் சுவரில் ஏற்றக் கூடாது. இரண்டும் தனித்தனி வீடு என்று நினைத்துக் கட்டினால், ஒன்று இறங்கும்போது மற்றதைப் பிய்க்காது. குழாய் இணைப்பு வளைந்து கொடுப்பதாக இருக்கட்டும். கனமான செங்கல்லுக்குப் பதில் எடை குறைந்த கல், ஓட்டுக்குப் பதில் தகடு. பக்காவ் கட்டை அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான்கைந்து மீட்டர் கட்டை 20 மீட்டர் களிமண்ணின் அடியைத் தொடாது. இறக்கத்தைச் சற்றுச் சமமாக்கும், நிறுத்தாது. நிலத்தடி நீருக்குக் கீழே இருக்கும்வரை அது பல்லாண்டு கெடாமல் இருக்கும், மேலே வந்த பகுதி உளுத்துவிடும்.

எவ்வளவு ஆழம் மென்மண் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மெக்கின்டாஷ் புரோப் என்ற கைக்கருவிச் சோதனை உண்டு. சுத்தியல் எடையை விழவிட்டு ஒரு கம்பியை இறக்கி, 30 சென்டிமீட்டருக்கு எத்தனை அடி என்று எண்ணுவார்கள். ஆழ்துளைச் சோதனையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஆலயத் திருப்பணிக்கு நன்கொடை சேரவே பல ஆண்டு ஆகும் என்றால், மேடாக்கும் மண்ணையாவது முதலில் கொட்டி வைத்துவிடலாம். வேகமாக இறங்கும் அந்த முதல் பங்கு, கோபுரத்துக்கு முன்பே செலவில்லாமல் இறங்கிவிடும். கோபுரத்துக்கு மட்டும் பொறியியலாளர் கையெழுத்தில்லாமல் கைவைக்கக் கூடாது.

பக்கத்து நிலத்தில் தொழிற்சாலை வருகிறதென்று இரண்டு மீட்டர் மேடாக்கினால், அந்தப் பாரம் எல்லைக் கல்லோடு நிற்பதில்லை. களிமண்ணுக்குள் பக்கவாட்டிலும் பரவி, வேலிக்கு இப்பாலுள்ள பழைய வீட்டையும் தன் பக்கம் சாய்க்கும். வேலை தொடங்கும் முன்பே சுவர்களைத் தேதியுடன் படம் எடுத்து வைப்பது, பின்னால் நகராண்மைக் கழகத்தில் பேசும்போது கை கொடுக்கும்.

ஏற்கெனவே விரிசல் விட்ட வீட்டில் சிமெண்டைக் குழைக்கும் முன் ஒரு பென்சிலை எடுக்கலாம். விரிசலின் இரு பக்கமும் கோடு போட்டு, இடைவெளியை மில்லிமீட்டரில் அளந்து, சுவரிலேயே தேதி எழுதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். ஆண்டுக்கு 6, பிறகு 4, பிறகு 3 மில்லிமீட்டர் என்று குறைந்து வந்தால் களிமண் அடங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது பூசினால் நிற்கும். பல ஆண்டு அடங்கியிருந்த விரிசல் திடீரென்று விரிந்தால் அது பழைய கணக்கன்று. எங்கேயோ குழாய் உடைந்திருக்கலாம், பக்கத்தில் யாரோ ஆழமாகத் தோண்டியிருக்கலாம், புதிதாக மண் கொட்டியிருக்கலாம். முதலில் வெளியே போய்ப் பார்க்க வேண்டும்.